டோனர் ட்ரான்ஸ்ஃபர்: அயர்ன் பாக்ஸா, லேமினேட்டரா?

வீட்லயே பிசிபி (எலக்ட்ரானிக் பார்ட்ஸ் பொருத்துற காப்பர் போர்டு) பண்றவங்க பெரும்பாலும் அயர்ன் பாக்ஸ்லதான் ஆரம்பிப்பாங்க, ஏன்னா அது ஏற்கனவே வீட்ல இருக்கு. சர்க்யூட் டிசைனை லேசர் பிரிண்டர்ல பேப்பர்ல எடுத்து, அதை காப்பர் போர்டு மேல வெச்சு சூடா அழுத்தி ஒட்ட வைக்கறதுதான் டோனர் ட்ரான்ஸ்ஃபர். லேசர் பிரிண்டர் டோனர்ங்கிறது பிளாஸ்டிக் பொடிதான், சூடு பட்டா இளகும், அழுத்துனா காப்பர்ல ஒட்டிக்கும், அவ்ளோதான் விஷயம். (இங்க்ஜெட்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்து ஒட்டலையேன்னு கேக்காதீங்க, அது வெறும் மைதான்.)

அயர்ன்ல சூடு தாராளமா கிடைக்கும், பிரச்னை அழுத்தம்தான். ரொம்ப அழுத்துனா டோனர் நசுங்கி பக்கத்து டிராக்கோட (கரண்ட் போற காப்பர் கோடு) சேர்ந்துடும், ஓரத்துல சரியா அழுத்தலன்னா அங்க ஒட்டவே ஒட்டாது, நடுவுல பேப்பர் லேசா நகர்ந்துச்சுன்னா மொத்தமும் போச்சு, அசிட்டோன் போட்டு துடைச்சுட்டு திரும்ப முதல்லேர்ந்து. ஸ்டீம் அயர்ன்னா இன்னும் கடுப்பு, அடியில இருக்கற ஓட்டைங்களுக்குக் கீழ அழுத்தமே விழாது. ஆனா 1 மிமீ டிராக், த்ரூ-ஹோல் பார்ட்ஸ்னா (போர்டு ஓட்டையில காலை சொருகுற வகை) இதுவே போதும்.

லேமினேட்டர்ல ரோலர் ஒரே சீரா அழுத்துறதால 0.3 மிமீ டிராக் கூட சுத்தமா வரும், எஸ்எம்டி (ஓட்டை இல்லாம போர்டு மேலயே சால்டர் பண்ற குட்டி பார்ட்ஸ்) போடுறவங்க இதுக்கு மாறிடறது நல்லது. ஒரே தொல்லை, அது பேப்பருக்காக செஞ்ச மெஷின், 1.6 மிமீ போர்டு சிலதுல நுழையவே நுழையாது, நுழைஞ்சாலும் காப்பர் சூட்டை இழுத்துக்கும், அதனால திரும்பத் திரும்ப விட்டுக்கிட்டே இருக்கணும். 0.8 மிமீ போர்டு வாங்கினா பாதி தலைவலி இல்ல.

காப்பரை தேய்ச்சு எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம வைக்கறது ரெண்டுக்கும் பொது. எப்பவாவது ஒரு போர்டு போடறவங்க லேமினேட்டருக்கு காசு செலவு பண்ணாதீங்க, ஸ்டீம் ஓட்டை இல்லாத பழைய அயர்ன் ஒண்ணு தேடிப் பாருங்க.