நூறு வருஷத்து மறுபதிப்பு என்று விற்ற புதுத்தாள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பழைய சாமான் கடைகளில் படம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் எனக்கு 6,500 ரூபாய் போய்விட்டது.

கோயில், மண்டபம், அரண்மனைப் படங்களின் பழைய மறுபதிப்புகளைப் பல வருஷமாகச் சேர்க்கிறேன். அசல் வாங்க வசதியில்லை. நகல் என்று தெரிந்தேதான் வாங்குகிறேன். ஆனால் அந்த நகல் அதன் காலத்துத் தாளில், அதன் காலத்து அச்சில் இருக்க வேண்டும். அதற்குத்தான் காசு.

அந்தக் கடையில் தஞ்சைப் பெரிய கோயில் மாட்டியிருந்தது. ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-93இல் தெற்கே சுற்றி வரைந்து, 1798இல் வெளியிட்ட செப்புத்தகட்டு அச்சின் நகல். நம்ம பாபநாசம் அருவியையும் வரைந்தவர்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். “அண்ணாச்சி, இது நூறு வருசத்துக்கு முந்தி லண்டன்ல போட்ட கொலோடைப்” என்றார் கடைக்காரர். கொலோடைப் என்பது கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசிப் படம் அச்சடிக்கும் பழைய முறை. பிரேமைக் கழற்றச் சொன்னேன். பழைய தாள், கிழிந்துவிடும் என்றார். அங்கேயே விட்டிருக்க வேண்டும்.

வீட்டில் கழற்றினேன். முன்பக்கம் நிறையப் பழுப்புப் புள்ளிகள், பின்பக்கம் வெள்ளை வெளேர். கறையையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். பழைய நகலிலும் அசலின் கறை விழலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. வாட்ச் ரிப்பேர் லென்ஸை வைத்தேன். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தன. கொலோடைப்பில் இப்படிப் புள்ளியே வராது. நுணுக்கமான சுருக்கம்தான் இருக்கும். அப்புறம் தெரிந்த கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் காட்டினோம். நீலம் போட்டுத் துவைத்த வேட்டிபோலத் தாள் பளிச்சென்று ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது தாளை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம்; அது ஏறத்தாழ 1950க்கு முந்தைய தாளில் கிடையாது.

திருப்பிக் கொண்டுபோனேன். “பாத்துத்தானே வாங்கினீய?” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘பிரேம் படம் 1’ என்று மட்டும் இருக்கிறது. ஆண்டும் அச்சு முறையும் பில்லில் எழுதித் தராத கடையில் காசைக் கொடுக்காதீர்கள்.

அதே சுவரில், அதே மாதிரி பிரேமில், பாபநாசம் அருவியும் தொங்குகிறது. 9,000 சொல்கிறார்கள். பிரேமைக் கழற்ற விட்டால் மட்டும் பேசுங்கள்.