தோற்ற அணியா, தோற்காத அணியா?

நியூசிலாந்து ரக்பி அணியின் பழைய கடல் கடந்த பயணங்களில் எது பெரியது என்று பேச்சு வந்தால் இரண்டுதான் நிற்கும்: 1905-06, 1924-25.

கணக்கில் பின்னதுதான் ஜெயிக்கும். 32 ஆட்டம், 32 வெற்றி. 19 வயது ஜார்ஜ் நேப்பியா கடைசித் தடுப்பாளராக அத்தனையிலும் ஆடினார். லண்டனின் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் தங்கள் ஆட்டக்காரர் சிரில் பிரவுன்லியை நடுவர் வெளியேற்றிய பிறகும், ஓர் ஆள் குறைவாக ஆடி இங்கிலாந்தை 17-11 என்று வென்றார்கள். ஆனால் ஸ்காட்லாந்து அவர்களோடு மோதவே இல்லை. அது ஒரு குறைதான்.

சரி, 1905? டேவ் கல்லாகர் தலைமையில் 35 ஆட்டம், ஒரே தோல்வி. எடுத்த புள்ளிகள் 976, கொடுத்தவை வெறும் 59. இருபது வருடம் கழித்து வந்தவர்கள் 838 எடுத்து 116 கொடுத்தார்கள். எது வலுவான அணி என்று நீங்களே பாருங்கள்.

அந்த ஒரு தோல்வி கார்டிஃபில், டிசம்பர் 16 அன்று, வேல்ஸிடம் 3-0. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைப் பதித்ததாகவும், வேல்ஸ் ஆட்டக்காரர்கள் தன்னைப் பின்னால் இழுத்துவிட்டதாகவும் சொன்னார். சாதாரணக் காலணியோடு ஓடிவந்த நடுவர் ஜான் டல்லாஸ் வந்து சேர்ந்தபோது பந்து கோட்டுக்கு இப்பால் கிடந்தது. ட்ரை (கோட்டைத் தாண்டிப் பந்தைப் பதித்து எடுக்கும் புள்ளி) இல்லை என்றார். டீன்ஸ் பத்திரிகைக்குத் தந்தியே அடித்தார்! நூறு வருடம் தாண்டியும் அந்தச் சண்டை ஓயவில்லை.

என் ஓட்டு 1905க்குத்தான்.