சுங்கை பூலோவா, செக் ஜாவாவா?

சக்கர நாற்காலியில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பறவை பார்க்க வேண்டும், சிங்கப்பூரில் எங்கே போகலாம் என்று கேட்கிறார்கள். சுங்கை பூலோ, செக் ஜாவா என்று இரண்டு ஈரநிலப் பகுதிகள் இருக்கின்றன. இரண்டிலும் சதுப்புநிலத்தின் மேல் மரப்பாதை உண்டு, நுழைவும் இலவசம்.

போய்ச் சேர:
சுங்கை பூலோ: கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 925 பஸ்.
செக் ஜாவா: சாங்கியில் படகு ஏறி உபின் தீவு, அங்கிருந்து சைக்கிள் அல்லது வேன். ஆடும் படகில் நாற்காலியை இறக்குவது பெரும்பாடு.

நடக்க:
சுங்கை பூலோ: பெரும்பாலும் சமதளம்.
செக் ஜாவா: சுமார் 1 கி.மீ. மரப்பாதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உயரத்திலிருந்து பார்க்க அங்கே இருக்கும் ஜெஜாவி கோபுரத்துக்குப் படியேற வேண்டும்.

நேரம்தான் முக்கியம். இரண்டுக்கும் கணக்கு நேர் எதிர். சுங்கை பூலோவில் செப்டம்பர் முதல் மார்ச் வரை, கடல் ஏறும் நேரத்தில் போங்கள். வெளியே சேறு மூழ்கியதும் வலசை வரும் உப்புக்கொத்தி, உள்ளான் போன்ற கரைப்பறவைகள் எல்லாம் உள்குளத்துக்கு வந்து ஒற்றைக்காலில் தூங்கும். பாலத்தடியில் மரக்கட்டை மாதிரி கிடப்பது சில நேரம் முதலை. அப்புறம் உடும்பு, அது பாதையிலேயே குறுக்கே வரும்.

செக் ஜாவாவுக்குக் கடல் வற்ற வேண்டும். அப்போதுதான் ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த பிடில் நண்டுகள் அதை ஆட்டி ஆட்டிக் காட்டும்.

அம்மாவோடு என்றால் யோசிக்காமல் சுங்கை பூலோ. கால் வலுவுள்ளவர்கள், நாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் உபினுக்குப் படகேறலாம். கடல் ஏறி வற்றும் நேரம் சொல்லும் ஓத அட்டவணையை மட்டும் முதல்நாளே பார்த்துவிடுங்கள்.