டேட்டா என்ட்ரி வேலை: சேரக் காசு கேட்க மாட்டார்கள், விலகத்தான் கேட்பார்கள்

படிப்பை முடித்துவிட்டு ஒன்றிரண்டு வருடமாக வேலை தேடி அலைகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் அப்படி ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். "முன்பணம் கேட்டால் மோசடி" என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி ஏமாற்றுகிற கும்பலுக்கும் அது தெரிந்ததால்தான் முன்பணமே கேட்பதில்லை.

ரெஸ்யூமில் இருந்த நம்பருக்கு ஒரு அழைப்பு வரும். "உங்க ப்ரொஃபைல் செலக்ட் ஆயிருக்குங்க, ஃபார்ம் ஃபில்லிங் வேலை, ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கிடையாது." 6 நாளில் 480 படிவம், ஒன்றுக்கு 30 ரூபாய், மொத்தம் 14,400 என்பது போல ஒரு கணக்கு. எண்கள் ஆளுக்கு ஆள் மாறும், வலை மாறாது. ஆதார், பான், ஃபோட்டோ, வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பில் வாங்கிக்கொள்வார்கள். பிறகு ஒரு லிங்க் வரும். "ஸ்லாட் முடியப்போகுது, சீக்கிரம் சைன் பண்ணுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். ஓடிபி போட்டு முடிக்கும்போது பதினோரு மாத ஒப்பந்தம் ஒன்றில் உங்கள் கையெழுத்து விழுந்திருக்கும்.

அந்த ஒப்பந்தத்தின் நடுப் பக்கங்களில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, 90% படிவங்கள் பிழையின்றி இருக்க வேண்டும். இரண்டு, தவறினாலோ பாதியில் விட்டாலோ "யூடிலிட்டி சார்ஜ்" கட்ட வேண்டும். 5,000 ரூபாயும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் சேர்த்து 5,900 என்பது போல இருக்கும்.

இந்த 90% எட்டக்கூடிய இலக்கு போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு படிவத்தில் 25 கட்டங்கள், அதில் ஒன்று தப்பினாலும் முழுப் படிவமும் தப்பு. நூறு கட்டத்துக்கு ஒரே ஒரு பிழை விடுகிற நல்ல தட்டச்சுக்காரருக்கே 78% படிவங்கள்தான் தேறும். 90% தேற வேண்டுமானால் சுமார் 240 கட்டத்துக்கு ஒரு பிழைக்கு மேல் விடக்கூடாது. பார்த்து அடிக்க அவர்கள் தருகிற மூலப்படமோ வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்டது. சுழியமா, ஆங்கில ஓ எழுத்தா என்று தெரியாது. கமாவுக்குப் பின் இரண்டு இடைவெளி விட்டால்கூடப் பிழைதான். நேரமும் பத்தாது: நாளைக்கு 80 படிவம், ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். இத்தனையையும் தாண்டி வந்தால் கடைசி நாளில் தளம் திறக்காது. திருத்துகிறவர்களும் அவர்களே என்பதால் உங்கள் வேலை தேற வழியே இல்லை. அந்தத் தரவு யாருக்கும் தேவையும் இல்லை.

அவர்கள் உண்மையில் விற்பது அதற்குப் பிறகு வருகிற பயத்தைத்தான். "க்யூசி ஃபெயில்", அதாவது தரப் பரிசோதனையில் தேறவில்லை என்று ஒரு மெயில். மறுநாள் "வக்கீல்" பேசுவார். கோர்ட் முத்திரை, கேஸ் நம்பர், தராசுப் படம் எல்லாம் வைத்து ஒரு பி.டி.எஃப் வரும். இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும், சிபில் ஸ்கோர் (கடன் வாங்கப் பார்க்கும் மதிப்பெண்) போய்விடும், இனி எந்தக் கம்பெனியும் எடுக்காது என்பார்கள். வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அப்பாவிடம் போய் இதைச் சொல்ல வாய் வராது. அம்மாவின் கம்மலை அடகு வைத்தோ நண்பனிடம் கைமாற்று வாங்கியோ கட்டிவிடும். கட்டியதும் விடமாட்டார்கள். "என்ஓசி (தடையில்லாச் சான்று) கட்டணம்", "கேஸ் வாபஸ் கட்டணம்" என்று அடுத்தடுத்து வரும். ஒருமுறை கட்டியவர் மறுபடியும் கட்டுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்த மீறல் சிவில் விவகாரம், அதற்குக் கைது கிடையாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். ஒப்பந்தமே செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், 74ஆம் பிரிவுப்படி அதில் எழுதிய அபராதம் அப்படியே கிடைக்காது, நீதிமன்றம் நியாயமென்று கருதும் இழப்பீடுதான் கிடைக்கும். சிபிலுக்குத் தகவல் கொடுப்பவை வங்கியும் கடன் நிறுவனமும்தான், படிவம் நிரப்பச் சொன்ன கம்பெனியால் உங்கள் ஸ்கோரைத் தொட முடியாது. வக்கீல் நோட்டீஸ் உண்மையானதாகவே இருந்தாலும் அது ஒரு கடிதம்தான், உத்தரவு அல்ல.

வழக்கு இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். மாவட்ட நீதிமன்றங்களில் பதிவாகும் வழக்குகளுக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சிஎன்ஆர் எண் (வழக்கின் தனி அடையாள எண்) உண்டு. அந்த எண்ணைக் கேளுங்கள், ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எண்ணைக் கேட்டதுமே குரல் மாறிவிடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அமீனா (நீதிமன்ற ஊழியர்) கையிலோ தபாலிலோ நிஜமான சம்மன் வந்தால் அதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்ஆப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, ஒப்பந்தம், நோட்டீஸ், அழைத்த நம்பர்கள், பணம் போன யுபிஐ ஐடி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, அதன்பின் பிளாக் செய்யுங்கள். பணம் கட்டியிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குக் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு. கையில் அந்த யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கட்டும். கட்டாதவர்களும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியலாம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318ஆம் பிரிவு, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308ஆம் பிரிவு.

அடையாள ஆவணங்கள் அவர்களிடம் போய்விட்டதால் இன்னும் மூன்று வேலை இருக்கிறது. ஆதார் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். சில மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டையும் எடுங்கள். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். தெரியாத கடன் இருந்தால் அதில் தெரியும்.

தட்டச்சு நன்றாக வருகிறவர்கள் அந்தத் திறமையை இந்த மாதிரி இடத்தில் வீணாக்க வேண்டாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் டைப்பிங் தேர்வை லோயர், ஹையர் என்று முடியுங்கள், கூடவே கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் வாங்குங்கள். குரூப் 4 தட்டச்சர் பதவிக்கு இவை தேவை, தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை. தனியார் வேலை போதும் என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களுக்கு நேரில் போங்கள். அங்கே வருகிற கம்பெனிக்காரரிடம் முகத்துக்கு நேராகக் கேட்கலாம்: ஆபீஸ் எங்கே, பிஎஃப் உண்டா, சம்பளம் எந்தத் தேதியில் வரும்?