கடைமடைப் பள்ளியில் கம்ப்யூட்டர்: பத்து வருட அனுபவம்

வேதாரண்யம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். கம்ப்யூட்டர் வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அதனால் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுகிறதா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மவுஸ் யார் கையில் இருக்கிறது?

முதல் சில வருஷம் என் கையில்தான் இருந்தது. புரொஜெக்டரில் வீடியோ போடுவேன், வகுப்பு கப்சிப். புரிந்துவிட்டது என்று நம்பினேன். மறுவாரம் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் முழிப்பார்கள். என்னைவிட அழகாக வீடியோ சொல்லிக்கொடுத்தது, ஆனால் பிள்ளைகளுக்கு அதில் செய்ய ஒரு வேலையும் இல்லை.

2018-ல் வந்த புதிய ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஜியோஜீப்ரா பயிற்சிகள் இருந்தன. ஜியோஜீப்ரா என்பது கணக்கு வடிவங்களைத் திரையில் வரைந்து, இழுத்துப் பார்க்க உதவும் மென்பொருள், இலவசம். ஒருமுறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலே ஓடும். எங்கள் ஊருக்கு அது பெரிய உதவி.

மெஷினுக்கு இரண்டு பேராக உட்காரவைத்து, வட்டத்தில் ஒரு நாண் வரையச் சொன்னேன். பரிதியில் ஒரு புள்ளி. அதை நாணின் இரு முனைகளோடு சேர்த்தால் அங்கே கோணம் 40°, மையத்தைச் சேர்த்தால் 80°. ஒரு பெண் புள்ளியை இழுத்துக்கொண்டே போனாள். "எங்க கொண்டுபோனாலும் 40-தான் நிக்கிது டீச்சர்!" புள்ளி நாணைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியதும் சட்டென்று 140. கையை எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்து, "ரெண்டையும் கூட்டுனா 180 வருதுல்ல?" என்றாள். வட்ட நாற்கரத்தில் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் 180° என்ற பாடம் அதுதான், அதை நான் அப்போது தொடங்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பராமரிப்புதான் பெரும்பாடு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு பல நாள் கரண்ட் இல்லை, நனைந்த மெஷின்கள் போனது போனதுதான். சாதாரண நாளிலும் உப்புக்காற்றில் யூஎஸ்பி முனைகள் பச்சை பூத்துவிடும். யூபிஎஸ் பேட்டரி மாற்றச் சொல்லி ஒரு வருஷம் எழுதிக்கொண்டே இருந்தோம். பிள்ளைகளின் படிப்பு அதில் நிற்கிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

இப்போது அரை மணி நேரம்தான் மெஷின். அணைத்ததும் அன்றைக்கே நோட்டில் நிரூபணம் எழுத வைக்கிறேன். மறுநாளைக்குத் தள்ளினால் புள்ளி நகர்ந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஏன் என்பது போய்விடுகிறது.