கஸ்டம் பில்டில் வயரிங்: பழையதை வெட்டுவதா, புதிதாகக் கட்டுவதா, டிஜிட்டல் பெட்டி வாங்குவதா?

பைக்கை கஃபே ரேசர், பாபர் மாதிரி கஸ்டம் ஸ்டைலுக்கு மாற்ற சைடு பாக்ஸைக் கழற்றியதும் கண்ணை உறுத்துவது வயரிங்தான். கம்பெனியில் ஹெட்லைட் கிண்ணத்துக்குள்ளும் சைடு பாக்ஸுக்குள்ளும் திணித்து மறைத்த அத்தனையும் வெளியே வந்து தொங்கும். இதைச் சுருக்க மூன்று வழி உண்டு. பழைய ஹார்னஸையே, அதாவது வண்டியின் மொத்த வயர்க் கட்டையே, வெட்டிக் குறைக்கலாம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஃபியூஸும், சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலேயும் வைத்துப் புதிதாகக் கட்டலாம். இல்லையென்றால் ஜெர்மனியின் மோட்டோகேட்ஜெட் விற்கும் எம்-யூனிட் மாதிரி ஒரு டிஜிட்டல் பெட்டியை வாங்கி மாட்டலாம். ஆன்லைனில் கிடைக்கும் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ ரெடிமேட் ஹார்னஸ் நான்காவது வழி. எந்த வண்டியிலும் நீளம் சரியாக உட்காராது, வயர்களை மாட்டும் பிளக்கான கப்ளரையும் நாம்தான் மாற்ற வேண்டும். அதற்கு இதற்கு மேல் இடம் தரத் தேவையில்லை.

உதாரணத்துக்கு ஏபிஎஸ் வருவதற்கு முந்தைய, கார்புரேட்டர் வைத்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். இந்த வண்டிக்கு என் ஓட்டு புதிதாகக் கட்டுவதற்குத்தான். ஏன் என்பதைச் சொல்லும்போது மற்ற இரண்டுக்கும் நியாயம் செய்யப் பார்க்கிறேன்.

பழையதை வெட்டுவது செலவில்லாத வழி. கம்பெனி வயரின் நிறம் டயகிராமோடு பொருந்தும், கப்ளரும் அப்படியே மாட்டும், நாளைக்கு எந்த மெக்கானிக்கும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். சிக்கல் டேப்புக்கு அடியில் இருக்கிறது. நாலைந்து வயரை ஒன்றாகச் சேர்த்து அமுக்கிய இணைப்புகள் அங்கே ஒளிந்திருக்கும், குறிப்பாக கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் வயர்கள். ‘இந்த விளக்குதான் இல்லையே’ என்று அதன் எர்த்தை நடுவில் வெட்டினால், அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்த இன்னொன்றும் அநாதையாகிவிடும். பிரேக் பிடித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: நேர்வழியில் எர்த் கிடைக்காத கரண்ட், பக்கத்து பல்பு வழியாக வெளியேறப் பார்க்கிறது. பல வண்டிகளில் செல்ஃப் ரிலேயின் கட்டுப்பாட்டு வயர் கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் வழியாகத்தான் போகும். அந்த சுவிட்சைக் கழற்றி எறிந்தால் செல்ஃப் செத்துப்போகும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் டேப்பை முழுக்க உரித்து, வேண்டாத சர்க்யூட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உருவி எடுக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தில் புதியதையே கட்டிவிடலாம்.

சரி, டிஜிட்டல் பெட்டி. உள்ளங்கைக்குள் அடங்கும். ஃபியூஸ் பாக்ஸ், இண்டிகேட்டர் ஃப்ளாஷர், ஹாரன் ரிலே எல்லாவற்றின் வேலையையும் அதுவே பார்க்கும். ஷார்ட் ஆனால் அந்த ஒரு சர்க்யூட்டை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை ஓடவிடும். ஹேண்டில்பார் பட்டன்கள் அதற்கு வெறும் சிக்னல்தான், எர்த்தைத் தொட்டால் போதும். அதனால் மெல்லிய வயரை பாருக்குள்ளேயே விட்டு எடுக்கலாம். அதே கம்பெனியின் மோ-பட்டன் சேர்த்தால் பல பட்டன்களுக்கும் ஒரே ஒரு வயர் போதும். வெளியே ஒரு வயர்கூடத் தெரியாத அந்தச் சுத்தம் வேறு எந்த வழியிலும் சுலபத்தில் வராது. ஷோவுக்குப் போகும் வண்டிக்கு நானும் இதையேதான் சொல்வேன்.

ஆனால் ப்ளூடூத் வைத்த வகை 300 யூரோவுக்கு மேல், கஸ்டம்ஸும் கூரியரும் தனி. கம்பெனி சுவிட்சுகளில் பல தள்ளினால் அங்கேயே நிற்கும் ரகம், பெட்டியோடு சுலபமாக ஒத்துப்போவதோ அழுத்தி விடும் பட்டன். ஆக, சுவிட்ச் செலவும் சேரலாம். சார்ஜிங்கில் அது தலையிடாது, எஞ்சினில் கரண்ட் தயாரிக்கும் ஸ்டேட்டரும், அதை டிசியாக்கி வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட்டும் பழையபடியேதான். முக்கியமாக, இக்னிஷனுக்கும் கரண்ட் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. பெட்டி படுத்தால் வண்டியும் படுத்துவிடும். ராத்திரி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் எலக்ட்ரீஷியனிடம் டெஸ்ட் லேம்ப் இருக்கும், பெட்டியைப் பரிசோதிக்கும் போன் ஆப் இருக்காது.

புதிதாகக் கட்டுவதில் முதல் வேலை, எதற்கெல்லாம் கரண்ட் வேண்டும் என்று எழுதிப் பார்ப்பது. இக்னிஷன், செல்ஃப், ஹெட்லைட், டெயில் மற்றும் பிரேக் லைட், நாலு இண்டிகேட்டர், ஹாரன். அவ்வளவுதான். ‘மினிமல்’ என்று இண்டிகேட்டரையும் ஹாரனையும் பிடுங்குகிறவர்கள் வயரிங்கைச் சுருக்கவில்லை, போலீஸுக்கு வேலை வைக்கிறார்கள்.

60/55 வாட் ஹாலஜன் ஹெட்லைட் கிட்டத்தட்ட 5 ஆம்பியர் இழுக்கும். 0.5 சதுர மி.மீ. வயரில் 3 மீட்டர் போனால் அரை வோல்ட் வழியிலேயே தொலையும். பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட வேகமாகக் குறைவதால், அந்த அரை வோல்ட்டுக்கே பத்து சதவீதத்துக்கு மேல் வெளிச்சம் போய்விடும். எனவே ஹெட்லைட்டுக்கு 1 சதுர மி.மீ.க்குக் குறையாத ஆட்டோ கேபிளும் ஒரு ரிலேயும் வேண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கிய மிச்சத்தை எஞ்சின் பக்கத்தில் ஓட்டாதீர்கள். 30 வாட் எல்இடி போட்டால் 2.5 ஆம்பியர்தான், ரிலேயே வேண்டாம். வயர் குறைவது பெரும்பாலும் இப்படி லோடு குறையும்போதுதான். எல்இடி இண்டிகேட்டருக்கு மட்டும் பழைய ஃப்ளாஷரை எலக்ட்ரானிக் ஃப்ளாஷராக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சிமிட்டும்.

ரிலேயின் 30, 85, 86, 87 என்ற எண்கள் பெரும்பாலான ஆட்டோ ரிலேகளில் ஒன்றே: 30-ல் பேட்டரி, 87-ல் லோடு, 85-ம் 86-ம் ரிலேயை இயக்கும் காயில். காயில் இழுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான் என்பதால் டிஜிட்டல் பெட்டியின் மெல்லிய வயர் வசதியில் பாதி இங்கேயே கிடைத்துவிடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ரிலே, பிளேடு ஃபியூஸ், கப்ளர், வயர் முனையில் அமுக்கும் திம்பிள் எல்லாம் ஒரே நடையில் வாங்கலாம்.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, பல்பை அல்ல. வயரின் தடிமனைப் பார்த்து ஃபியூஸ் போடுங்கள். இணைப்புகளில் ஈயம் வைக்காமல் திம்பிளை நல்ல பிளையரில் அமுக்குங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வில், ஈயம் ஏறி விறைத்த வயர் அந்த விளிம்பில்தான் ஒடியும். பவுடர் கோட்டிங் அடித்த ஃபிரேமை எர்த்தாக நம்பாதீர்கள். ஒவ்வொரு லோடிலிருந்தும் தனி எர்த் வயர் ஒரே புள்ளிக்கு வரட்டும், பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்குத் தடித்த கேபிள் நேராகப் போகட்டும். பில்டர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மழைக்காலத்தில் பிளேடு ஃபியூஸ் உட்காரும் ஹோல்டரின் முனைகள் பச்சை பிடிக்கும் என்பது இந்த வழியின் உண்மையான குறை, அதில் டிஜிட்டல் பெட்டிக்கே மார்க்.

யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ஹெட்லைட் பேட்டரியின் டிசியில் அல்ல, எஞ்சினிலிருந்து நேராக வரும் ஏசியில் எரிகிறது. ஸ்டேட்டரை முழு டிசிக்கு மாற்றாமல் எல்இடியோ டிஜிட்டல் பெட்டியோ வாங்கினால் காசுதான் வீண்.

2020-க்குப் பிறகு, பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியென்றால் என் ஓட்டு மாறிவிடும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன், ஏபிஎஸ், சென்சார்கள் எல்லாம் ஒன்றையொன்று கேட்டு ஓடுகின்றன. அங்கே கம்பெனி ஹார்னஸை வெட்டாமல் டேங்குக்கு அடியில் மடித்துக் கட்டுங்கள், கை வைப்பதென்றால் லைட், இண்டிகேட்டர் வயர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.