என்ஜினை இறக்கச் சொன்னால் முதலில் கம்ப்ரஷன் ரீடிங் கேளுங்கள் (எனக்கு ரூ.42,000 போச்சு)

1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி. மேட்டில் இழுக்கவில்லை, ஐட்லிங்கில் உதறல், செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னுகிறது. எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ரூ.42,000 வாங்கினார்கள். உதறல் அப்படியே இருக்கிறது.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்கள். என்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, "பாருங்க சார், புகை தள்ளுது. ரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்றார் ஹெட் மெக்கானிக். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, வாயு கசியாமல் அடைக்கும் வளையம்.) கண்ணெதிரே காட்டும்போது யார்தான் நம்பமாட்டார்கள்? சூடான எந்த என்ஜினிலும் அங்கே லேசாகப் புகை வரும். ரிங்கைத் தாண்டிக் கசிகிற வாயுவை என்ஜின் காற்றை உறிஞ்சும் இன்டேக்குக்குத் திருப்பிவிடத்தான் பிசிவி வால்வே இருக்கிறது. ரிங் தேய்ந்தால் ஆயில் குறையும், சைலன்ஸரில் நீலப்புகை வரும். இந்த வண்டியில் இரண்டும் இல்லை. கேட்டதற்கு, "பிரிச்சாத்தான் சார் தெரியும்."

பிரிக்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் போதும், அதைக் கையில்கூட எடுக்கவில்லை. என்ஜினைச் சூடாக்கி, எல்லா பிளக்கையும் கழற்றி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில்களின் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கணும். நல்ல பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் 150 முதல் 200 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) வரை காட்டும். அதைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து தாழ்ந்தால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர்களுக்கு மேலே ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்படணும்.

வேலை முடிந்த பிறகு கேட்டால், "புது ரிங் செட் ஆகணும், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க." அப்புறம், "பெட்ரோல் சரியில்ல, பங்க்கை மாத்துங்க." அப்புறம், "ஓனர் ஊர்ல இல்ல." இப்போது போனே எடுப்பதில்லை. கழற்றிய ரிங்கையும் தரவில்லை, ஜிஎஸ்டி பில்லும் தரவில்லை. எஸ்டிமேட் தாளில் பேனாவால் 42,000 என்று கிறுக்கியதுதான் கையில் இருக்கிறது.

வேறொரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டார்: கோளாறு கோட் பி0302, இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தக் காயிலை முதல் சிலிண்டரில் மாட்டி, அந்தக் கோளாறு கோடை அழித்துவிட்டு ஓட்டினார். பி0301, அதாவது முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று வந்தது. காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது, ரிங் கோளாறு எப்படி இடம் மாறும்? இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாய் காயிலுக்கு 42,000!

என்னென்ன பார்க்கணும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. இப்போதைக்கு இவ்வளவு. ஸ்கேன் கோடைப் போட்டோ எடுத்து வையுங்கள். காயில், பிளக், இன்ஜெக்டரை இடம் மாற்றிப் பார்க்காமல், நாலு சிலிண்டர் கம்ப்ரஷனையும் எழுதி வாங்காமல் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள். கழற்றிய பாகம் வீட்டுக்கு வரணும். விளக்கு மின்னும்போது வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் காலி பண்ணிவிடும்.